பித்தம் என்றார்கள், ரத்தச்சோகை என்றார்கள்

முதல் தடவை வந்தபோது வீடு இடிகிறது என்றுதான் நினைத்தேன். விடிந்து, பால்காரி வந்து போய்விட்ட நேரம். இடது பக்கமாகப் புரண்டு எழுந்திருக்கப் பார்த்தேன். மேலே இருந்த பனைவிட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட ஆரம்பித்தன. சுவரும் கூடவே ஓடியது. கண்ணை மூடினால் நானே கட்டிலோடு சுழன்றேன். கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏசப்பா, ஏசப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முப்பது எண்ணுவதற்குள் நின்றுவிட்டது. பிறகு வாந்தி வந்தது.

என் கணவர் வாயில் பற்பொடி நுரையோடு ஓடிவந்து, ராத்திரி சாப்பிட்ட கருவாட்டைக் குற்றம் சொன்னார். நானும் அதுதான் என்று நம்பினேன். அன்றைக்கே வேலைக்கும் போனேன்.

அறுபதுகளின் பின்பாதி அது. எனக்கு நாற்பத்தொன்பது வயது. அரசாங்கத்தில் பிரசவம் பார்க்கிற வேலை. கணவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். பெண்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்துவிட்டு நாங்கள் இருவரும் திருச்சுழியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அங்கிருந்து தெற்கே சில மைல் தள்ளி எங்கள் சின்ன ஆஸ்பத்திரி. காலையில் பஸ்ஸில் போய் இறங்கினால், அங்கிருந்து சுற்றுப்பட்டி ஊர்களுக்கு நடைதான். ஓடையில் இறங்கி ஏறி, கரிசல் காட்டு வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் இருபத்தாறு வருஷம் நடந்த கால்கள் இவை. எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு எத்தனையாவது மாதம் என்பது எனக்கு மனப்பாடம். பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் நான் நர்சம்மா.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் வந்தது. அந்தத் தடவை கருவாடு சாப்பிடவில்லை.

பிறகு அது தன் இஷ்டத்துக்கு வந்து போனது. சில நாள் காலையில் எழும்போது மட்டும் வரும். சில வாரங்களில் குனிந்தால் வரும், அண்ணாந்து பார்த்தால் வரும், பஸ்ஸில் யாராவது கூப்பிட்டுச் சட்டென்று திரும்பினால் வரும். நாலைந்து மாதம் வராமலே இருந்துவிட்டு, போய்விட்டது என்று நான் நம்பத் தொடங்கும்போது வந்து நிற்கும். சுற்றல் அரை நிமிஷம்தான். ஆனால் அதற்குப் பிறகு நாள் முழுக்கத் தரை மெத்தென்று இருக்கும். படகில் நடப்பதுபோல என்று சொல்வார்கள். நான் படகில் போனதில்லை. மழை பெய்து ஊறிப்போன கரிசலில் கால் வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற நிலத்தில் நின்றுகொண்டு, கால் புதைகிறதே என்று பயப்படுவதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாமல் மறைத்தேன். கண்மாய்க் கரையில் நடக்கும்போது உடம்பு இடது பக்கமாகச் சாய்ந்தது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பத்தடிப் பள்ளம். அதனால் ஒரு குடை வாங்கினேன். நல்ல கனமான ஆண்பிள்ளைக் குடை. வெயிலுக்கு என்று சொல்லிக்கொண்டு மடக்கியே வைத்து ஊன்றி நடந்தேன். வெயிலுக்கு வாங்கிய குடையை இந்த அம்மா ஏன் விரிப்பதே இல்லை என்று எங்கள் ஆயா ஒரு நாள் கேட்டாள். விரித்தால் கம்பி போய்விடும் என்றேன். அவளும் நம்பிக்கொண்டாள், அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டாள்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. என் நாத்தனார் பித்தம் என்றாள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பிழிந்து குடித்து என் பல் கூசிப்போனதுதான் மிச்சம். பக்கத்து வீட்டுக்காரர் சுக்கும் மல்லியும் என்றார். கண்ணாடிக் கடைக்காரர் பார்வைக்கோளாறு என்று புதுக் கண்ணாடி மாட்டிவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு நடந்தபோது, மெத்தென்று இருந்த தரை மேடும் பள்ளமுமாகவும் ஆனது. கடைசியில் வெட்கத்தை விட்டு எங்கள் டாக்டரிடமே சொன்னேன். படித்துவிட்டுப் புதிதாக வந்திருந்த இளைஞர், மரியாதையானவர். என் கண்ணின் கீழ்இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தச்சோகை என்றார். அதோடு மாதவிலக்கு நிற்கிற வயசு இல்லையா, அப்படித்தான் இருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னார். எனக்கு அது நின்று ஐந்து வருஷம் ஆகியிருந்தது. சொல்லவில்லை. மகன் வயதுள்ளவரிடம் அதை என்ன பேசுவது?

அவர் எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை, நானே தினமும் நூறு பெண்களுக்கு எண்ணிக்கொடுக்கிற அதே மாத்திரையை, அதே டப்பாவிலிருந்து எண்ணி எடுத்துக்கொண்டேன். தலை சுற்றுகிறது நர்சம்மா என்று வந்த எத்தனையோ பெண்களிடம் நானும் வேறொன்றும் கேட்டதில்லை. ரத்தம் பத்தாது, முருங்கைக்கீரை தின்னு, போ என்று அனுப்பியிருக்கிறேன். அவர்களில் யாருக்காவது விட்டங்கள் ஓடியிருக்குமோ? அந்த நினைப்பு வந்ததும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. யார்மேல் என்று தெரியாத எரிச்சல் வேறு ஏற்கனவே இருந்தது.

மாத்திரையில் மலச்சிக்கல்தான் வந்தது.

அந்த வருஷம் அருப்புக்கோட்டையில் ஒரு நற்செய்திக் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து ஒரு ஊழியக்காரர் வந்திருந்தார். சுகவீனர்கள் முன்னால் வரலாம் என்றார். நான் எழுந்திருக்கவில்லை. நாத்தனார்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவர் நல்ல மனிதர், பக்தியோடுதான் ஜெபித்தார். ஜெபித்துக்கொண்டே என் நெற்றியில் கையை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்தார். அவ்வளவுதான். பந்தல், குழல்விளக்கு, தோரணம் எல்லாம் ஒரே சுழற்சியாகச் சுழன்றன. அப்படியே தடாலென்று விழுந்தேன். சுற்றி நின்றவர்கள் உரக்க ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று நாத்தனார் அழுதாள். ஜமக்காளத்தில் குப்புறக் கிடந்து, வாந்தி வந்துவிடக் கூடாதே என்று மட்டும் நான் வேண்டிக்கொண்டிருந்தேன். வீடு திரும்புகிற பஸ்ஸில் அவள் எனக்குச் சுகமாகிவிட்டதாக முன்சீட்டு, பின்சீட்டு எல்லோரிடமும் சாட்சி சொன்னாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்று சொன்னால் விசுவாசக் குறைவு என்பாள்.

இப்படியே மூன்று வருஷம் போனது. பிரசவத்தின்போது அது ஒரு தடவைகூட வந்ததில்லை என்பதே எனக்கு இருந்த ஒரே தெம்பு. அந்தத் தெம்பும் ஒரு நாள் உச்சி வெயில் நேரத்தில் போனது.

கண்மாய்க்கு அக்கரையில் உள்ள சின்ன ஊர். தலைப்பிரசவம். ஆயாவுக்குக் காய்ச்சல் என்று நான் தனியாகப் போயிருந்தேன். தானியம் கொட்டிவைக்கிற ஆளுயர மண்குலுக்கை நிற்கிற அரைஇருட்டு அறையில், பாயில் படுத்திருந்தாள் அந்தப் பெண். அவள் மாமியார் மட்டும் கூட இருந்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிள்ளையின் தலை வெளியே வந்ததும், கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறதா என்று பார்க்கக் குனிந்து முகத்தைச் சாய்த்தேன். குலுக்கை நகர்ந்தது. அறை நகர்ந்தது. எனக்கு முன்னால் இருந்த அந்தச் சின்னத் தலை இரண்டாகி, மூன்றாகி, ஓடிக்கொண்டே இருந்தது.

பின்னால் சாய்ந்து குலுக்கையில் முதுகை முட்டுக்கொடுத்தேன். கையை மட்டும் எடுக்கவில்லை.

"இங்க வாங்க. ரெண்டு கையாலயும் என் தலையப் புடிங்க. அசைய விடாதீக" என்றேன் மாமியாரிடம்.

"ஒங்க தலையவா?" என்றாள் அவள்.

"என் தலையத்தான். கேள்வி கேக்காமப் புடிங்க."

பிடித்தாள். களையெடுத்து மரத்த உள்ளங்கைகள். காது இரண்டையும் நசுக்கிப் பிடித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினேன். கொடி இருந்தது. ஒரு சுற்று. விரலுக்குத் தலை சுற்றாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கொடியை விரலில் கோத்து, மெல்லத் தளர்த்தி, பிள்ளையின் தலைக்கு மேலாகக் கழற்றினேன். அடுத்த நோவில் முழுதாக வந்து விழுந்தது. பெண்பிள்ளை. கொஞ்சம் நீலம் பாரித்திருந்தது. முதுகைத் தேய்த்துவிட்டதும் அழுதது. அந்த அழுகையைக் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தேன். அறை தன் இடத்தில் நின்றிருந்தது.

தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால் மாமியார் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "பேறுகாலம் பாக்க வந்தவுகளுக்கே ஆள் புடிக்க வேண்டியிருக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. கண்டதைச் சொன்னாள். வந்தவர் போனவர் எல்லோரிடமும் அதையே சொன்னாள்போல. பத்தே நாளில் மூன்று ஊர்களுக்குப் பரவிவிட்டது. அடுத்து ஒரு வீட்டிலிருந்து ஆள் அனுப்பியவர்கள், சின்ன நர்சம்மாவை வரச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். சின்ன நர்சம்மா வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த வீட்டு மூத்த பிள்ளைகள் மூன்று பேரையும் எடுத்தது நான்.

டாக்டர் கூப்பிட்டார். இனிமேல் ஊர்களுக்குப் போகவேண்டாம், ஆஸ்பத்திரியிலேயே இருந்து பதிவேடு எழுதுங்கள், குழந்தைகளுக்குப் பால்பொடி கொடுங்கள் என்றார்.

"ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்மா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் கோபம் அடங்கவில்லை. அநியாயமாகச் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை பேசியாவது தீர்த்திருப்பேன். வீட்டுக்கு வந்து குடையைச் சுவரில் ஓங்கி அடித்தேன். கம்பி உண்மையாகவே போய்விட்டது. கணவர் ஒன்றும் கேட்காமல் எடுத்துக்கொண்டுபோய்ச் சரிசெய்து வந்தார். அப்படி ஒன்றும் கேட்காமல் இருந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

பதிவேட்டு மேஜையில் உட்கார்ந்தபோது எழுத வேண்டியது போக நேரம் நிறைய இருந்தது. ஒரு பழைய நோட்டின் பின்பக்கத்தில், சுற்றல் எப்போதெல்லாம் வருகிறது என்று குறிக்கத் தொடங்கினேன். பிரசவக் குறிப்பு எழுதிப் பழகிய கை. என்ன செய்தபோது வந்தது, எந்தப் பக்கம் திரும்பினேன், எவ்வளவு நேரம் இருந்தது என்று எழுதினேன். இரண்டு மாதக் குறிப்பைச் சேர்த்துப் படித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. இவ்வளவு தெளிவாகக் கண்முன்னால் இருந்திருக்கிறது. வலது பக்கம் படுத்தால் ஒன்றும் இல்லை. இடது காது கீழே போகிற ஒவ்வொரு தடவையும் வருகிறது.

நோட்டை டாக்டர் மேஜையில் வைத்தேன்.

"ரத்தம் எடது பக்கம் மட்டுமா சார் கொறையும்?" என்று கேட்டேன்.

அவர் நோட்டை எடுத்தார். இரண்டு பக்கத்தையும் முழுதாகப் படித்தார். பிறகு, மதுரையில் தனக்குப் பாடம் எடுத்த காது வைத்தியர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லி, அவருக்கு ஒரு கடிதம் எழுதிக்கொடுத்தார். முன்னமே அனுப்பியிருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தையும் சொன்னார். அது போதவில்லை எனக்கு. இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

மதுரைக்குப் போனது பெரும்பாடு. அருப்புக்கோட்டையில் பஸ் மாறி, காரியாபட்டி வழியாக. ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓடுகிற உடைமரங்களைப் பார்த்தால் குமட்டியது. தூரத்தில் தனியாக நிற்கிற ஒரு பனையைப் பார்த்துக்கொண்டே போவேன். அது பின்னால் போனதும் அடுத்த பனையைத் தேடுவேன். என்ன பார்க்கிறாய் என்று கணவர் கேட்டுக்கொண்டே வந்தார். பேசினால் வாந்தி வரும் என்று கையைக் காட்டினேன். வாழைப்பழம் வேண்டுமா என்று கேட்டார்.

காது வைத்தியர் வயதானவர், அதிகம் பேசாதவர். கடிதத்தைப் படித்துவிட்டு முதல் கேள்வியே, "படுக்கும்போது எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நாலு வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர். என்னை மேஜையில் உட்காரவைத்து, முகத்தை இடது பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, தலை மேஜைக்கு வெளியே தொங்கும்படி படாரென்று பின்னால் சாய்த்தார். கூரை பம்பரமாகச் சுற்றியது. நான் அலறி அவர் கோட்டைப் பிடித்த பிடியில் ஒரு பித்தான் கையோடு வந்துவிட்டது. கண்ணை மூடக் கூடாது என்று அதட்டினார். என் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தபடி, கூட நின்ற மாணவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். நின்றதும் என்னைத் தூக்கி உட்காரவைத்தார்.

கொத்தனார் ரசமட்டம் வைத்துச் சுவர் பார்ப்பதுபோல, காதுக்கு உள்ளேயும் உடம்புக்கு ஒரு மட்டம் இருக்கிறது, எனக்கு இடது காதில் அது கெட்டுப்போயிருக்கிறது என்று விளக்கினார். உயிருக்கு ஆபத்து இல்லை. மருந்தும் பெரிதாக இல்லை. பயிற்சி இருக்கிறது. தலை சுற்றும் என்று பயந்து அசையாமல் இருந்தால் இன்னும் அதிகமாகும். வேண்டுமென்றே கண்ணையும் தலையையும் அசைத்துப் பழக்கினால் மூளை தன்னைச் சரிசெய்துகொள்ளும். போகும், மறுபடி வரும், மறுபடி பழக்க வேண்டும்.

பித்தானை அவர் மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக் கணவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். நாலு வருஷக் கீரையும் மாத்திரையும் எலுமிச்சம்பழமும் கண்முன் வந்தன. இரண்டே நிமிஷத்தில், ஒரு மேஜையும் இரண்டு கையும் வைத்துக் கண்டுபிடிக்கிற காரியம். அந்த ஆத்திரத்தில் அழுதேன்.

பயிற்சியைக் கணவர் எடுத்துக்கொண்டார். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு டிரில் சொல்லிக்கொடுத்தவர், விடுவாரா? காலையில் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, மேலே பார், கீழே பார், இடது, வலது என்று எண்ணுவார். பிறகு குனிந்து தரையிலிருந்து ஒரு பொருளை எடுத்து நிமிர வேண்டும். பந்தைக் கண்ணுக்கு மேலாக ஒரு கையிலிருந்து மறு கைக்குத் தூக்கிப்போட்டு, பார்வையாலேயே அதைத் தொடர வேண்டும். பந்துக்கு எலுமிச்சம்பழம். எனக்குக் குமட்டிக்கொண்டு வரும்போது அவர், இன்னும் எட்டு, இன்னும் ஏழு என்பார். ஒரு நாள் தாங்க முடியாமல் பழத்தை அவர்மேலேயே எறிந்தேன். அவர் அதைப் பிடித்துத் திரும்பக் கொடுத்து, இன்னும் ஆறு என்றார்.

இரண்டு மாதத்தில் குறைந்தது. அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். டாக்டரிடம் போய், என்னை மறுபடி பிரசவத்துக்கு விடுங்கள் என்றேன். ஊர்களுக்கு விட அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிற பிரசவங்களை மட்டும், பகலில், ஆயா கூட இருக்க, பார்க்கலாம் என்றார். தச்சரிடம் சொல்லி, குனிய வேண்டாதபடி ஒரு குட்டை முக்காலி செய்யச் சொன்னேன். ஓய்வு பெறும் வரை, கடைசி ஒன்றரை வருஷம், அந்த முக்காலியில் உட்கார்ந்தே பிள்ளைகளை எடுத்தேன். கண்மாய்க்கு அக்கரை ஊர்களிலிருந்து மாட்டுவண்டி போட்டுக்கொண்டு சிலர் வந்தார்கள். வராதவர்கள்தான் அதிகம்.

ஓய்வு பெற்ற பிறகு, காது வைத்தியர் சொன்னபடியே, திரும்ப வந்தது. பயிற்சி செய்தேன், போனது. அடுத்த வருஷம் வந்தது. இப்போது அதன் குணம் எனக்குத் தெரியும். இரண்டு தலையணை வைத்து வலது பக்கம்தான் படுப்பேன். விழித்ததும் காலைத் தொங்கப்போட்டு ஐம்பது எண்ணிய பிறகுதான் எழுவேன். அடுக்களையில் மேல்தட்டில் இருந்த டப்பாக்கள் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறங்கிவிட்டன. அண்ணாந்து துணி காயப்போட முடியாது என்று கொடிக்கயிற்றைத் தாழ்த்திக் கட்டினேன். கணவர் கழுத்தில் அது நாலு தடவை மாட்டியது. மழைக்கு ஏங்குகிற ஊரில் இருந்துகொண்டு வானத்தைப் பார்க்க முடியாது. மேகம் எந்தப் பக்கம் நிக்குது என்று பக்கத்து வீட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

இதையெல்லாம் பழகிக்கொண்டேன் என்று மகள்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். பழகிக்கொள்வது வேறு, ஒத்துக்கொள்வது வேறு. கண்மாய்க் கரையில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தவளைத்தான் நான் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். என்னை யாராவது கையைப் பிடித்துச் சாலையைக் கடக்கவைத்தால் அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது.

போன மாதம் இதற்காகத்தான் சண்டை. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு நான் தனியாகப் போகிறேன் என்றேன். போன வாரம்தானே சுத்துச்சு, நானும் வாரேன் என்றார் கணவர். வேண்டாம் என்றேன். வாக்குவாதம் முற்றி, அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் பைபிளையும் குடையையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். தெரு முனை வரை நன்றாகத்தான் நடந்தேன். கடைவீதி தாண்டியபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. இடது குதிகால் தேய்ந்த, சரக்கு சரக்கென்று இழுக்கிற செருப்பு. முப்பத்தைந்து வருஷமாகக் கேட்கிற சத்தம். இருபதடி தள்ளியே வந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது.

படக்கென்று திரும்பி நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் படக்கென்று திரும்பினால் தெரு சுற்றும். முறைத்துப் பார்க்க வேண்டும் என்றால்கூட நின்று, குடையை ஊன்றி, உடம்பு முழுவதையும் மெல்ல மெல்லத் திருப்ப வேண்டும். அதற்குள் கோபம் பாதியாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நேராகவே நடந்தேன். கோவில் வாசல் வரைக்கும் அந்தச் செருப்பு வந்தது.